அஞ்சுக்கு நாலு

போன வாரம் ஆபீஸ்ல அப்ரைசல் ஃபார்ம் ஓப்பன் ஆச்சு. வருஷா வருஷம் வர்றதுதான், நமக்கு நாமளே மார்க் போட்டுக்கணும், அப்புறம் மேல இருக்கிறவர் அதுல ஒண்ணைக் குறைப்பாரு, அப்புறம் எச்ஆர் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு பெல் கர்வ்ல உட்கார வைப்பாங்க, அதாவது கொஞ்சம் பேர் மேல, கொஞ்சம் பேர் கீழ, மீதி எல்லாரும் நடுவுல. மொத்தம் பத்து கட்டம், அதுல ஏழாவது "பணியில் அர்ப்பணிப்பு". இத்தனை வருஷமா நான் அதுல 4 தான் போட்டுட்டு வர்றேன். 5 போட்டா திமிர்னு நினைப்பாங்க, 3 போட்டா இன்க்ரிமெண்ட்ல கை வச்சிடுவாங்க, அதனால 4. என் டீம்ல இருக்கிற ஆறு பேரும் அவங்கவங்களுக்கு 4 தான் போட்டுக்கறாங்க. எல்லாரும் இம்மி பிசகாம ஒரே அளவு அர்ப்பணிப்போட இருக்கோம்னு பார்க்கும்போது புல்லரிக்குது.

இந்த வருஷம் அந்த கட்டத்துல கர்சரை வச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். காரணம் ஒரு அக்கா. எங்க டீம்ல ஒம்போது வருஷம் இருந்தவங்க, எனக்கு முன்னாடியே இந்த டீமுக்கு வந்தவங்க, வயசுலயும் பெரியவங்க, ஆனா லீடா போட்டது என்னை. மத்தவங்க முன்னாடி என்னை சார்னு கூப்பிடுவாங்க, தனியா பேசும்போது தம்பி. இந்த வருஷ ஆரம்பத்துல பேப்பர் போட்டுட்டு போயிட்டாங்க. அவங்க போன அப்புறம்தான் நான் ரெண்டு வருஷமா அந்த ஏழாவது கட்டத்துல அவங்களுக்கு என்ன போட்டிருக்கேன்னு திரும்பி எடுத்துப் பார்த்தேன். 3. ரெண்டு வருஷமும் 3.

ஏன் 3ன்னா, ஆறு மணி ஆனா பையை எடுத்துகிட்டு கிளம்பிடுவாங்க. மீட்டிங்ல வாயைத் திறக்க மாட்டாங்க. டீம் அவுட்டிங் வர மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வாங்கன்னு கூப்பிட்டா "இல்ல சார், முடியாது"ன்னு ஒரே வரி, சாக்கு கூட சொல்ல மாட்டாங்க. அதே டீம்ல ஒரு பையன், சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பான், பதினொரு மணிக்கு மெயில் அனுப்பினாலும் ரெண்டு நிமிஷத்துல "ஷூர் சார்"னு பதில் வரும், எதைக் கொடுத்தாலும் "முடிச்சிடலாம் சார்". அவனுக்கு 5 போட்டேன். யோசிக்கவே இல்ல.

அக்கா போறதுக்கு முன்னாடி ஒரு ஹேண்ட் ஓவர் நோட் எழுதிக் கொடுத்தாங்க. நாலு பக்கம். எங்க வேலை என்னன்னா, பல கிளையண்ட் கிட்ட இருந்து வர்ற கிளைம் ஃபைலை சரிபார்த்து, தப்பு இருந்தா திருப்பி அனுப்பி, சரியா இருக்கிறதை மாசக் கடைசிக்குள்ள பாஸ் பண்ணி விடறது. கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். அந்த நாலு பக்கத்துல முக்கால்வாசி எங்க ப்ராசஸ் டாக்குமெண்ட்ல எங்கயுமே இல்லாத விஷயம். இந்த கிளையண்ட் ஒரே ஃபைலை சில மாசம் ரெண்டு தடவை அனுப்பிடுவாங்க, மொத்தத் தொகையை மட்டும் பார்க்காம வரி எண்ணிக்கையையும் பாருங்க. அந்த கிளையண்ட்ல 25ஆம் தேதி ஒரு போன் போடணும், போடலன்னா மறந்துடுவாங்க. இன்னொருத்தங்க மெயில் பார்க்கவே மாட்டாங்க, ஆனா மெசேஜ் பண்ணா அஞ்சு நிமிஷத்துல பதில் வரும். இப்படியே போகுது. இதையெல்லாம் செய்யச் சொல்லி அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல, செஞ்சுகிட்டு இருக்காங்கன்னு எனக்கும் தெரியாது, நான் அவங்க லீடு.

அதுல ஒரு வரி எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. ஒரு கிளையண்ட் தேதியை மாசம் முதல்ல போட்டு அனுப்புவாங்க, எங்க சிஸ்டம் நாள் முதல்ல எடுத்துக்கும். 13ஆம் தேதியில இருந்து பிரச்சனை இல்ல, 13ங்கிற மாசமே கிடையாதுங்கிறதால சிஸ்டமே கத்திடும். 12ஆம் தேதி வரைக்கும் உள்ளதுதான் ஆபத்து, கத்தாது, ஏப்ரல் 3ஐ கமுக்கமா மார்ச் 4ன்னு எடுத்துகிட்டு போயிட்டே இருக்கும். அக்கா ஒவ்வொரு மாசமும் அந்த முதல் பன்னெண்டு நாள் வரிகளை மட்டும் தனியா பிரிச்சு கையால பார்த்திருக்காங்க. வருஷக்கணக்கா.

அந்த கிளையண்டை பையன்கிட்ட கொடுத்தேன். நோட் படிச்சியான்னு கேட்டேன், "படிச்சுட்டேன் சார்"னான். படிக்கல. முதல் மாசக் கடைசியில அந்த பன்னெண்டு நாள் வரிகள் கிட்டத்தட்ட பூராவும் தப்பான மாசத்துல போய் உட்கார்ந்துச்சு. அதைக் கூட விடுங்க, யாருக்கும் நடக்கிறதுதான். தப்பு நடந்தது அவனுக்கு மூணாம் தேதியே தெரியும். நாமளே சரி பண்ணிடலாம்னு ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஏதேதோ பண்ணியிருக்கான். எனக்கு ஒம்போதாம் தேதி, கிளையண்ட் எங்க மேனேஜர்கிட்ட நேரா புகார் கொடுத்து எஸ்கலேட் பண்ணப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த ஆறு நாளும் அவன் ஒம்போது மணி வரைக்கும் ஆபீஸ்ல இருந்தான், நான் போகும்போது பார்த்து "நல்லா உழைக்கிறான்யா"ன்னு நினைச்சுகிட்டே போனேன்.

அன்னைக்கு ராத்திரிதான் இந்த விஷயத்தைப் பத்தி தேடித் தேடி படிக்க ஆரம்பிச்சேன். ஒருத்தர்கிட்ட என்ன குணம் இருந்தா வேலை நல்லா நடக்குதுன்னு யாராவது உருப்படியா அளந்து பார்த்திருக்காங்களான்னு. பார்த்திருக்காங்க. 1991ல முர்ரே பாரிக், மைக்கேல் மவுண்ட்னு ரெண்டு பேர் அது வரைக்கும் வந்திருந்த நூத்துக்கும் மேல ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்து அலசியிருக்காங்க. மனுஷ குணத்தை அஞ்சு பெரிய பிரிவா பிரிக்கிற வழக்கம் ஒண்ணு உளவியல்ல இருக்கு: கலகலப்பா பழகறது, மத்தவங்களோட ஒத்துப்போறது, பதட்டப்படாம இருக்கிறது, புதுசை ஏத்துக்கிறது, அப்புறம் கான்ஷியன்ஷியஸ்னஸ். கடைசியா சொன்னது வாய்ல நுழையாது, நம்ம பேச்சுல பொறுப்புன்னு வச்சுக்கலாம். இந்த அஞ்சுல போலீஸ், மேனேஜர், சேல்ஸ், படிச்ச வேலை, கைத்தொழில்னு அவங்க பார்த்த எல்லா வகை வேலையிலயும் தவறாம பலன் காட்டினது இந்த பொறுப்பு ஒண்ணுதான். கலகலப்பு மேனேஜருக்கும் சேல்ஸுக்கும் உதவுது, மத்த இடத்துல பெருசா இல்ல. புதுசை ஏத்துக்கிற குணம் ட்ரெயினிங்ல நல்லா கத்துக்க உதவுது, அதோட சரி.

ஒண்ணு சொல்லிடறேன், இதைப் படிச்சுட்டு பொறுப்பு இருந்தா போதும்னு யாரும் குதிக்க வேணாம். அந்த தொடர்பு ரொம்பப் பெருசு கிடையாது, 0ன்னா தொடர்பே இல்ல, 1ன்னா அச்சு அசலா ஒத்துப்போகுதுன்னு வச்சுகிட்டா, சுமார் 0.22 தான். கணக்குப்படி அதை ஸ்கொயர் பண்ணிப் பார்த்தா, ஆளுக்கு ஆள் வேலையில வர்ற வித்தியாசத்துல இருபதுல ஒரு பங்குக்குத்தான் இது பதில் சொல்லுது. மீதி எல்லாம் திறமை, வேலையோட அமைப்பு, கூட இருக்கிறவங்க, மேல இருக்கிற என்னை மாதிரி ஆளுங்க, நேரம் காலம்னு போயிடும். ஆனா மத்த நாலு குணமும் அந்த அளவுக்குக் கூட எல்லா வேலையிலயும் நிக்கல.

நான் இன்டர்வியூல எல்லாம் முதல்ல பார்க்கிறது எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ், என்ன படிப்பு, எவ்வளவு தைரியமா பேசறாங்க. இதுல முதல் ரெண்டையும் 1998ல ஷ்மிட், ஹண்டர்னு ரெண்டு பேர் எதைப் பார்த்து ஆள் எடுத்தா வேலை நல்லா நடக்கும்னு 85 வருஷ ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஒரு பட்டியல் போட்டதுல, அனுபவ வருஷக் கணக்குக்கு 0.18, படிச்ச வருஷக் கணக்குக்கு 0.10. அதாவது ரெண்டுமே அந்த பொறுப்பை விட கம்மி. 2022ல இன்னொரு குழு அந்தக் கணக்கை எல்லாம் திரும்பப் போட்டு பல நம்பரைக் குறைச்சாங்க, பட்டியல்ல மேல இருந்ததே மாறிப்போச்சு, எல்லாரையும் ஒரே கேள்வி கேட்டு ஒரே அளவுகோல்ல மார்க் போடற இன்டர்வியூ முதல் இடத்துக்கு வந்துடுச்சு. நான் நடத்தறது அந்த மாதிரி இன்டர்வியூ இல்ல. அரட்டைக்கு கொஞ்சம் மேல.

சரி, பையன்கிட்ட பொறுப்பு இல்லையா? ராத்திரி ஒம்போது வரைக்கும் உட்கார்றவன் பொறுப்பில்லாதவனா? இங்கதான் எனக்கு ரொம்ப நேரம் குழப்பம். அப்புறம் இன்னொண்ணு கண்ல பட்டுச்சு. கோஸ்டா, மெக்ரேன்னு ரெண்டு பேர் 1992ல போட்ட குண அளவுகோல்ல இந்த பொறுப்பையே ஆறா பிரிச்சிருக்காங்க. நம்மால முடியும்ங்கிற உணர்வு, ஒழுங்கு, கடமை உணர்ச்சி, சாதிக்கணும்ங்கிற வேகம், மனசை அடக்கி வேலையில உட்கார்றது, யோசிச்சு செய்யறது. பையன்கிட்ட வேகம் நிறைய இருந்துச்சு, உட்கார்ற குணமும் இருந்துச்சு. அக்காகிட்ட இருந்தது கடமை உணர்ச்சியும் யோசனையும். ரெண்டும் ஒரே பேர்லதான் போகுது, ஆனா ஆபீஸ்ல வேகம் கண்ணுக்குத் தெரியும், யோசனை தெரியாது. யோசனை நல்லா வேலை செஞ்சா எதுவுமே நடக்காது, அதுதான் அதோட அடையாளமே. எதுவும் நடக்காததுக்கு யார் மார்க் போடுவா? நான் போடல.

அக்காகிட்ட இருந்த இன்னொரு பழக்கம் இப்பதான் ஞாபகம் வருது. வியாழக்கிழமை கொடுக்க வேண்டியது வியாழக்கிழமை முடியாதுன்னா, திங்கக்கிழமையே வந்து சொல்லிடுவாங்க. "சார், இது வியாழன் ஆகாது, வெள்ளி மத்தியானம் தர்றேன், வியாழனே வேணும்னா இதுல பாதியைத் தர்றேன், எந்தப் பாதின்னு சொல்லுங்க." அப்ப எனக்கு எரிச்சலா வரும். என்னடா இது, ஆரம்பிக்கும்போதே முடியாதுங்கிறாங்கன்னு. பையன் சொல்ற "முடிச்சிடலாம் சார்" காதுக்கு எவ்வளவு இதமா இருக்கும் தெரியுமா. இப்ப யோசிச்சா, அந்த ஒம்போது வருஷத்துல அக்கா சொன்ன தேதி ஒண்ணு கூட தப்பினதா எனக்கு ஞாபகம் இல்ல, ஏன்னா தப்பப் போற தேதியை அவங்க சொல்லவே மாட்டாங்க. முடியாதுன்னு சொல்றதும் வாக்கைக் காப்பாத்தறதும் ஒரே குணத்தோட ரெண்டு முகம்னு எனக்கு உறைக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கு.

பையன் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அவனை மட்டும் குத்தவாளி ஆக்கிட்டு போனா அது நியாயமில்ல. அந்த ஆறு நாள் ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சொன்னான், "சார், போன வருஷம் ஒரு தடவை லேட் ஆகும்னு மீட்டிங்ல சொன்னேன், நீங்க எல்லார் முன்னாடியும் கத்தினீங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், முடிக்காம வாயைத் திறக்கக் கூடாதுன்னு." எனக்கு அப்படி ஒரு மீட்டிங் நடந்ததே ஞாபகம் இல்ல. சத்தியமா இல்ல. அவனுக்கு நாள், நேரம், நான் என்ன வார்த்தை சொன்னேன், யார் யார் சிரிச்சாங்க எல்லாம் ஞாபகம் இருக்கு.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 90கள்ல ஆஸ்பத்திரி டீம்கள்ல மருந்து கொடுக்கிறதுல வர்ற தப்புகளைப் பத்தி பார்த்திருக்காங்க. நல்லா நடக்கிற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னுதானே யாரும் நினைப்போம். நல்லா நடக்கிற டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகி இருந்துச்சாம். அவங்களே முதல்ல குழம்பிட்டாங்களாம், அப்புறம்தான் புரிஞ்சிருக்கு, அந்த டீம்ல தப்பை வெளிய சொல்ல பயம் இல்ல, மத்த இடத்துல மூடி மறைச்சிடறாங்கன்னு. நான் அந்தப் பக்கத்தை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சுவத்தைப் பார்த்துகிட்டு இருந்தேன். என் டீம்ல எஸ்கலேஷன் கம்மின்னு ரெண்டு வருஷமா மேல பெருமையா ரிப்போர்ட் போட்டவன் நான்.

ஆக குணம்னு நாம சொல்றதுல பாதி அந்த ஆளோடது, பாதி அவர் மேல யார் உட்கார்ந்திருக்காங்கங்கிறது. இல்ல, பாதி பாதின்னு சொல்ல என்கிட்ட கணக்கு ஒண்ணும் இல்ல, வாய் தவறி வந்துடுச்சு. ஆனா அக்கா ஏன் பயப்படாம சொன்னாங்க, நான் அவங்ககிட்டயும் எரிஞ்சுதானே விழுந்தேன்னு யோசிச்சா, அவங்களுக்கு நான் கத்தறது ஒரு பொருட்டே இல்ல. என் மார்க்குக்காக அவங்க வேலை செய்யல. அது எல்லார்கிட்டயும் எதிர்பார்க்கக் கூடிய குணம் இல்ல, அதுவும் ரெண்டு வருஷம் சர்வீஸ்ல இருக்கிற ஒரு பையன்கிட்ட. பொறுப்பு வயசோட கூடும்னும் போட்டிருக்காங்க, 2006ல வந்த ஒரு பெரிய தொகுப்புல இருபதுகள்ல இருந்து நடுவயசு வரைக்கும் சராசரியா அது ஏறிகிட்டே போகுது. அந்த நம்பிக்கையில பையனுக்கு இன்னும் டைம் இருக்கு. எனக்குத்தான் கம்மி.

ஆடத் தெரியாதவளுக்கு கூடம் கோணலாம்னு ஒரு பழமொழி இருக்கே, அதையே ஜூலியன் ராட்டர்னு ஒருத்தர் 1966ல அளவுகோலா போட்டு வச்சிருக்காரு. நடக்கிறதுக்கெல்லாம் காரணம் நம்ம கையில இருக்குன்னு நம்பறவங்க ஒரு பக்கம், எல்லாம் வெளிய இருந்து வருதுன்னு நம்பறவங்க இன்னொரு பக்கம். முதல் வகை ஆளுங்க வேலையில கொஞ்சம் நல்லா பண்றாங்க, கொஞ்சம் சந்தோஷமாவும் இருக்காங்கன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிகள் சொல்லுது. சரிதான், சிஸ்டம் ஸ்லோ, கிளையண்ட் சரியில்ல, நேரம் சரியில்லன்னு தினமும் புலம்பற ஒருத்தர் எல்லா ஆபீஸ்லயும் இருப்பாரு, அவர் டேபிள்ல பெண்டிங் குறையவே குறையாது. ஆனா எனக்கு இந்தப் பழமொழி மேல ஒரு கோபமும் உண்டு. சில சமயம் கூடம் நெசமாவே கோணலாத்தான் இருக்கு. ஆறு பேர் வேலையை நாலு பேர்கிட்ட கொடுத்துட்டு, முடியலன்னா "ஆட்டிட்யூட் சரியில்ல"ன்னு ஃபார்ம்ல எழுதறது இருக்கே, அது கூடத்தைக் கோணலா கட்டினவனே ஆடறவளைக் குத்தம் சொல்ற கதை. நல்லா ஆடத் தெரிஞ்சவ கோணல் கூடத்துலயும் கொஞ்ச நாள் சமாளிச்சு ஆடுவா. அதனாலயே கூடத்தை யாரும் சரி பண்ண மாட்டாங்க.

அக்கா போனதும் அதனாலதான். கடைசி நாள் கேண்டீன்ல உட்கார்ந்து பேசினோம், ஏன்க்கா போறீங்க, சம்பளமான்னு கேட்டேன். இல்லன்னாங்க. "தம்பி, என்கிட்ட ஒரு வேலை வந்தா முடிஞ்சிடும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. யார்கிட்ட கொடுத்தா திரும்பி வருமோ அவங்ககிட்ட கொடுக்க மாட்டீங்க, என்கிட்ட கொடுப்பீங்க. ஒம்போது வருஷமா நான் நல்லா செஞ்சதுக்கு பலன் என்னன்னு பார்த்தா, இன்னும் கொஞ்சம் வேலை." சிரிச்சுகிட்டேதான் சொன்னாங்க. நான்தான் கொடுத்துகிட்டு இருந்தேன், அதுவும் 3 மார்க் போட்டுகிட்டே. டெனிஸ் ஆர்கன்னு ஒருத்தர் 1988ல இதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டிருக்காரு, வேலை விவரத்துல இல்லாத, சம்பளத்துல சேராத, ஆனா செய்யலன்னா ஆபீஸே நடக்காத காரியங்கள்னு. கூட இருக்கிறவருக்கு கை கொடுக்கிறது, அடுத்தவர் வேலை பாதிக்கிற மாதிரி இருந்தா முன்கூட்டியே சொல்றது, சின்னச் சின்ன கஷ்டத்துக்கு புலம்பாம இருக்கிறது. அக்காவோட நாலு பக்க நோட்டுல இருந்ததெல்லாம் இதுதான். எங்க ஃபார்ம்ல இதுக்கு கட்டமே இல்ல.

அப்ப அந்த ஏழாவது கட்டம் எதைத்தான் அளக்குது? இதுக்கு எனக்கு ஒரு நல்ல பதில் கிடைச்சுது, நல்லதுன்னா உண்மையானதுன்னு அர்த்தம், மனசுக்கு நல்லதுன்னு இல்ல. 1991ல ஜான் மேயர், நட்டாலி ஆலன்னு ரெண்டு பேர், ஒருத்தர் ஒரு நிறுவனத்துல தொடர்ந்து இருக்கிறதுக்கு மூணு விதமான பிடிப்பு இருக்கலாம்னு பிரிச்சாங்க. ஒண்ணு, பிடிச்சுப் போய் இருக்கிறது. ரெண்டு, போனா நஷ்டம்னு இருக்கிறது. மூணு, போனா தப்பு, நன்றி கெட்டதனம்னு இருக்கிறது. வெளிய இருந்து பார்த்தா மூணும் ஒண்ணுதான், மூணு பேரும் காலையில வர்றாங்க, சாயங்காலம் போறாங்க, வருஷா வருஷம் சர்வீஸ் ஏறுது. ஆனா வேலை எப்படி நடக்குதுன்னு பார்த்தா வேற வேற. 2002ல மேயரும் மத்தவங்களும் எல்லா ஆராய்ச்சியையும் சேர்த்துப் பார்த்ததுல, பிடிச்சுப் போய் இருக்கிறவங்ககிட்டதான் நல்ல வேலையும், தவறாம வர்றதும், கேட்காமலே உதவறதும் அதிகம். நன்றிக்காக இருக்கிறது அதுக்கு அடுத்தபடி. போனா நஷ்டம்னு உட்கார்ந்திருக்கிறது இருக்கே, அதுக்கும் நல்ல வேலைக்கும் சம்பந்தமே இல்ல, சில இடத்துல தலைகீழா கூட இருக்கு.

இதைப் படிச்சப்ப ராத்திரி ஒரு மணி. நான் பதினொரு வருஷமா இந்த ஆபீஸ்ல இருக்கேன், போன வருஷம் பத்து வருஷம் முடிச்சதுக்கு மேடையில கூப்பிட்டு ஷீல்டு கொடுத்தாங்க, "அர்ப்பணிப்புக்காக"ன்னு அதுல போட்டிருக்கு. யோசிச்சுப் பார்த்தா நான் முதல் ரெண்டு வருஷம் பிடிச்சுப் போய் இருந்தேன். அப்புறம் ஒரு மூணு வருஷம், என்னை எடுத்து வளர்த்த பழைய மேனேஜர் இருந்தாரு, அவருக்காக இருந்தேன். அவர் ரிட்டயர்டு ஆகிப் போயிட்டாரு. அதுக்கப்புறம் வீட்டு லோன், பசங்க ஃபீஸ், இந்த வயசுல வெளிய போய் இன்டர்வியூல உட்கார்ந்தா சின்னப் பசங்க கேள்வி கேட்பாங்களேங்கிற பயம். அவ்வளவுதான். ஷீல்டு வாங்கினது அந்த ரெண்டாவது வகை ஆளு. அது மேல எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்ல, லோன் கட்டறதும் பொறுப்புதான், ஆனா அதுக்கு பேர் அர்ப்பணிப்பு இல்ல. போறதுக்கு வழி இல்லாம இருக்கிறவனையும் போக மனசு இல்லாம இருக்கிறவனையும் ஒரே கட்டத்துல போட்டா கட்டம் என்ன பண்ணும் பாவம்.

அக்காவுக்கு போன மாசம் போன் பண்ணேன். வேற எங்கயும் சேரல, கொஞ்ச நாள் வீட்டுல இருக்கேன்னாங்க. நிம்மதியா இருப்பீங்களேக்கான்னேன். "எங்க தம்பி, எதையோ மறந்துட்ட மாதிரியே இருக்கு. 25ஆம் தேதி ஆனா கை போனைத் தேடுது." சிரிச்சுட்டு வச்சுட்டோம், ஆனா எனக்கு அது சிரிப்பா இல்ல. ஜெர்மனியில பல ஆயிரம் பேரை நாலு வருஷம் தொடர்ந்து பார்த்து 2010ல ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, வேலை போனா பொறுப்பான ஆளுங்களுக்குத்தான் மத்தவங்களை விட மனசு ரொம்ப இறங்கிப் போகுதாம். அக்கா தானா விட்டுட்டுப் போனவங்க, அது வேற, இருந்தாலும் அந்த 25ஆம் தேதி எனக்கு இதைத்தான் ஞாபகப்படுத்துச்சு. இருந்தா வேலை தின்னுடுது, போனா வெறுமை தின்னுடுது. இந்தக் குணத்தை வளர்த்துக்கோங்கன்னு மேடையில பேசறவங்க இந்தப் பக்கத்தைச் சொல்றதே இல்ல.

நான் என்ன பண்ணேன்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை காலையில பத்து நிமிஷம், "இந்த வாரம் என்ன முடியாது" அப்படின்னு மட்டும் பேசறோம். என்ன முடியும்னு பேசவே கூடாது. முதல் ரெண்டு வாரம் மயான அமைதி, எல்லாரும் தரையைப் பார்த்துகிட்டு இருந்தாங்க. மூணாவது வாரம் நானே ஆரம்பிச்சேன், மேனேஜருக்கு கொடுக்க வேண்டிய ரிப்போர்ட் புதன்கிழமைக்குள்ள என்னால முடியாது, நான் அதை இன்னும் தொடவே இல்லன்னு. நாலாவது வாரம் பையன் கையைத் தூக்கினான். ஸ்கூல் மாதிரி. "சார், எனக்கு ஒண்ணு ஆகாது." கத்தாம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஏன்னா அது உண்மையிலயே அவசரமான வேலை. ரெண்டு பேர்கிட்ட பிரிச்சுக் கொடுத்தோம். அக்காவோட நோட்டை இப்ப அவன் நெசமாவே படிச்சுட்டான், அதுல ரெண்டு வரி அவனே சேர்த்திருக்கான். ராத்திரி ஏழு மணிக்கு கிளம்பிடறான். இந்த வருஷம் அவனுக்கு ஏழாவது கட்டத்துல என்ன போடறதுன்னு எனக்கு இன்னும் தெரியல, ஒம்போது மணி வரைக்கும் உட்கார்ந்தவனுக்கு 5 போட்டேன், இப்ப ஏழு மணிக்கு போறவனுக்கு அதை விட ஜாஸ்தி போடணும்னு தோணுது, அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்ல.

என்னோட ஃபார்முக்கு வர்றேன். நேத்து கடைசி நாள், பன்னெண்டு மணிக்கு மூடிடும். இந்தத் தடவையாவது உண்மையை எழுதுவோம்னு ஒரு பேப்பரை எடுத்து அந்த மூணையும் தனித்தனியா போட்டேன். பிடிச்சுப் போய் இருக்கிறதுக்கு 2. அந்தத் திங்கக்கிழமை பத்து நிமிஷம் இல்லன்னா 1 தான் போட்டிருப்பேன். டீமை அம்போன்னு விட்டுட்டு போகக் கூடாதுங்கிறதுக்கு 4. போனா நஷ்டம்ங்கிறதுக்கு 5, யோசனையே தேவையில்ல. கூட்டினா 11, மூணால வகுத்தா 3.67. அதை அப்படியே அடிச்சேன், டெசிமல் எடுத்துக்காதுன்னு சிவப்பு எழுத்துல வந்துச்சு. ரவுண்ட் பண்ணா 4. மணி 11.52. சப்மிட் பண்ணிட்டேன்.